பாதத்துல வந்த மரு போகவே மாட்டேங்குதா? சாலிசிலிக் ஆசிட் போட்டவங்க உங்க அனுபவத்தை சொல்லுங்க

எனக்கு முன்பாதத்துல, பெருவிரலுக்குக் கொஞ்சம் கீழ வந்துச்சு. காலை ஊனும்போதெல்லாம் செருப்புக்குள்ள ஒரு கல்லு மாட்டிக்கிட்ட மாதிரியே இருக்கும். பாத்தவங்க எல்லாரும் கால் ஆணின்னுதான் சொன்னாங்க, ஸ்கின் டாக்டர் மட்டும் ரெண்டு விரலால பக்கவாட்டுல புடிச்சு கிள்ளிப் பாத்தாரு, உயிரே போயிடுச்சு, உடனே இது மருன்னுட்டாரு. ஆணின்னா மேலேர்ந்து நேரா அமுக்கும்போதுதான் அதிகமா வலிக்குமாம். மேல் தோலை லேசா சீவுனதும் உள்ள கருப்பு கருப்பா புள்ளி தெரிஞ்சுது, நெறைய பேர் அதை வேர்னு நெனச்சு நோண்டறாங்க, தயவுசெஞ்சு நோண்டாதீங்க, அது மருவுக்குள்ள போற குட்டி ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்சு நிக்கறது. நோண்டுனா ரத்தம் வரும், மருவை உண்டாக்கற ஹெச்.பி.வி வைரஸ் பக்கத்துல பரவவும் சான்ஸ் இருக்கு.

எழுதிக் குடுத்தது சாலிசிலிக் ஆசிட் 17 சதவீத சொல்யூஷன். ஆசிட்டை விட அதைப் போடற விதம்தான் முக்கியம்னு நான் அடிச்சு சொல்வேன். நைட்டு வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் காலை ஊற வைக்கணும், அந்த இடம் மட்டும் வெள்ளையா உப்பி வரும், அப்ப நெயில் ஃபைல் வச்சு செத்த தோலைத் தேச்சு எடுக்கணும், எடுக்காம மேலயே பூசிட்டே இருந்தா மருந்து அந்தக் கெட்டித் தோலைத் தாண்டி உள்ள எறங்கவே எறங்காது. நல்லா தொடச்சுட்டு, சுத்தி இருக்கற நல்ல தோல்ல வாசலின் தடவிட்டு, மரு மேல மட்டும் ஒரு சொட்டு. காஞ்சதும் மேல டேப் ஒட்டிடணும். எரிச்சல் ஜாஸ்தியா இருந்தா ரெண்டு மூணு நாள் கேப் விட்டு மறுபடி ஆரம்பிக்கலாம், மொத்தமா விட்டுடக் கூடாது. 12 வாரம் வரைக்கும் கூட ஆகும்னு மொதல்லயே சொல்லிட்டாரு, அதனாலதான் பொறுமையா இருக்க முடிஞ்சுது.

எப்ப நிறுத்தறதுன்னு கேக்கறவங்களுக்கு: வலி போச்சேன்னு நிறுத்திடாதீங்க. மரு இருக்கற எடத்துல பாத ரேகை அறுந்து சுத்திக்கிட்டுப் போகும், அந்த ரேகை மறுபடி நேரா ஓட ஆரம்பிச்சு கருப்புப் புள்ளியும் இல்லாம இருந்தாதான் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

*

பிரதர் சொன்னது அப்படியே உண்மை. என் பொண்ணுக்கு குதிகால்ல கூட்டமா பரவியிருந்துச்சு, மொசைக் மருன்னு சொன்னாங்க. அவளுக்கு 40 சதவீத சாலிசிலிக் ஆசிட் பிளாஸ்டர், அதை மரு சைஸுக்கே கத்தரிச்சு ஒட்டணும், கொஞ்சம் பெருசா வெட்டுனாலும் பக்கத்துத் தோல் வெந்து போயிடும். குழந்தைங்களுக்கு பாதிக்கு மேல ரெண்டு வருஷத்துல தானாவே போயிடும், வலி இல்லன்னா சும்மா விட்டாலும் தப்பில்லன்னு டாக்டர் சொன்னாங்க, ஆனா இவ நொண்டி நொண்டி நடந்தா, பாத்துக்கிட்டு இருக்க மனசு வரல. அவ டவல் தனி, செருப்பு தனி, அந்த ஃபைலை வேற யாரும் தொடக் கூடாது, நல்ல தோல்ல கூட அதை வச்சுத் தேய்க்கக் கூடாது.

*

நான் கிரையோ, அதாவது மருவை உறைய வைக்கற ட்ரீட்மென்ட், பண்ணிக்கிட்டவன். லிக்விட் நைட்ரஜன் வச்சதும் கொப்புளம் வந்து கால் தரையில வைக்க முடியல, மரு சின்னதாச்சு, திரும்ப வந்துடுச்சு. அப்புறம் தேடிப் படிச்சேன், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்துல 240 பேரை வச்சு ஒரு ட்ரயல் பண்ணி 2011ல பி.எம்.ஜே-ங்கற மருத்துவ இதழ்ல போட்டிருக்காங்க, ஒரு குரூப்புக்கு 50 சதவீத சாலிசிலிக் ஆசிட் வீட்டுலயே, இன்னொரு குரூப்புக்கு கிரையோ, 12 வாரம் கழிச்சு ரெண்டுலயும் முழுசா போனது 14 சதவீதம் பேருக்குத்தான். நம்பிக்கையை உடைக்கச் சொல்லல, ரெண்டும் ஒரே மாதிரின்னா வலி கம்மியா இருக்கறதையே மொதல்ல ட்ரை பண்ணுங்கன்னு சொல்றேன். ஆசிட்டை ஒழுங்கா போட்டும் அசையலன்னா கேந்தரிடின், 5-எஃப்.யூ, இமிக்குவிமாட்னு வேற மருந்தெல்லாம் இருக்கு, அதெல்லாம் டாக்டர் முடிவு பண்ண வேண்டியது, எனக்கு கடைசியில 5-எஃப்.யூவும் சாலிசிலிக்கும் சேந்த லோஷன்லதான் கொறஞ்சுது.

*

சுகர் இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா ஒரு நிமிஷம் நில்லுங்க. எங்க அப்பாவுக்கு பாதத்துல உணர்ச்சி கம்மி, அவரு கால் ஆணிக்கு ஒட்டற கார்ன் கேப் பிளாஸ்டர் வாங்கி ஒட்டிக்கிட்டாரு, அதுலயும் இதே ஆசிட்தான். எரியறதே அவருக்குத் தெரியல, எடுத்துப் பாத்தா சுத்தியும் புண்ணு, அது ஆற நாங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. சுகர், கால்ல ரத்த ஓட்டம் கம்மி, மரத்துப்போற பிரச்சனை இருக்கறவங்க எந்த பெர்சன்டேஜா இருந்தாலும் நீங்களா வாங்கிப் போடாதீங்க, டாக்டர்கிட்ட காலைக் காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

*

மருந்து எதுவும் போடாம டக்ட் டேப் (நல்லா ஒட்டற கெட்டி டேப்) மட்டும் ஒட்டுனா போதுமான்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. 2002ல வந்த ஒரு ஸ்டடியில நல்லா வேலை செய்யுதுன்னு இருந்துச்சு, அப்புறம் வந்ததுல அந்த அளவுக்கு நிக்கல. நான் டேப் ஒட்டுனது மருந்து அழியாம உள்ள எறங்கறதுக்குத்தான், சாதா பிளாஸ்டரே தாராளமா போதும், காலையில உரிக்கும்போது மட்டும் மெதுவா உரிங்க.