ஏ321 எக்ஸ்எல்ஆர், 787, ஏ380 விமானங்கள்: ஏறிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கப்பல்காரன், தங்கச்சிமடம்:

சரக்குக் கப்பலில், இன்ஜின் அறையில் ஃபிட்டராக இருக்கிறேன். கப்பல் எந்த நாட்டில் நிற்கிறதோ அங்கே விமானத்தில் போய்த்தான் ஏற வேண்டும், இறங்கினாலும் அப்படித்தான். கம்பெனி அனுப்பும் டிக்கெட்டில் போவதால் ஏர்பஸின் ஏ380, போயிங்கின் 777, 787 என்று பெரிய விமானங்கள் எல்லாவற்றிலும் உட்கார்ந்தாகிவிட்டது. போன வருடம் முதல்முறையாக ஏ321 எக்ஸ்எல்ஆர் என்ற ஏர்பஸின் சின்ன விமானத்தில் போனேன். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு, அட்லாண்டிக்கைத் தாண்டி எட்டு மணி நேரம்.

அளவு புரிய நம்ம பாம்பன் புதுப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பல் போவதற்காக மேலே தூக்குகிறார்களே, அந்தப் பகுதி மட்டும் 72.5 மீட்டர். ஏ380-ஐ அதன் மேல் வைத்தால் மூக்கிலிருந்து வால் வரை ஏறக்குறைய சரியாக இருக்கும், 72.7 மீட்டர். 777-300இஆர் 73.9 மீட்டர், அதைவிடக் கொஞ்சம் நீளம். நான் போன எக்ஸ்எல்ஆர் வெறும் 44.5 மீட்டர். ஏ380 அதிகபட்சம் 575 டன்னோடு கிளம்பும், இது 101 டன்னோடு. இந்தச் சின்ன உடம்பை வைத்துக்கொண்டு 8,700 கிலோமீட்டர் வரை பறக்கும் என்று ஏர்பஸ் சொல்கிறது. பின்பக்க அடிவயிற்றில் உடம்போடு சேர்த்தே 12,900 லிட்டர் எரிபொருள் தொட்டி ஒன்று கட்டியிருக்கிறார்கள். 2024 நவம்பரில்தான் பயணிகள் சேவைக்கு வந்தது.

எனக்குக் காதுதான் முதலில் வேலை செய்யும். 777-ல் பெரிய ஜிஇ90 இன்ஜின், முன்விசிறியின் குறுக்களவே 3.25 மீட்டர். அது முழு வேகம் எடுக்கும்போது நெஞ்சுக்கூட்டில் அதிரும். ஏ380 வேறு மாதிரி. நாலு இன்ஜின் இருந்தும் உள்ளே அவ்வளவு அமைதி, எங்கேயோ கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் ஓடுகிற மாதிரிதான் கேட்கும். எக்ஸ்எல்ஆரும் நான் நினைத்ததைவிட அமைதியாகவே போனது.

கஷ்டம் எங்கே என்றால் நடைபாதையில். இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு, நடுவே ஒரே வழி. நாலாவது மணி நேரத்தில் சாப்பாட்டு வண்டி வந்துகொண்டிருக்கும்போது ஒரு பெரியவர் கழிவறைக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கும் அவசரம், பணிப்பெண்ணுக்கும் வேறு வழி தெரியவில்லை. கடைசியில் அந்தப் பெண் வண்டியைப் பத்து வரிசை பின்னாலேயே இழுத்துக்கொண்டு போனார். பெரியவர் ஒவ்வொரு இருக்கையாகப் பிடித்துப் பிடித்து அவர் பின்னாலேயே வந்தார். ரெண்டு நடைபாதை உள்ள விமானத்தில் இந்தப் பாடு கிடையாது. ஆட்டமும் கொஞ்சம் கூடத்தான். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் வல்லத்துக்கும் கப்பலுக்கும் உள்ள வித்தியாசம் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எட்டு மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் என்றால் எனக்குப் பெரிய விமானமே வேண்டும்.

ஆனால் சின்னதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மதுரை ஓடுபாதை 7,500 அடி, சென்னையின் பெரிய ஓடுபாதை 12,000 அடி. நிறைய ஆளும் எண்ணெயுமாக ஏ380 மதுரையில் வந்து போகும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. சென்னைக்குப் போக எனக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆகிறது, மதுரைக்கு மூன்றரை மணி நேரம். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போக எக்ஸ்எல்ஆர் தன் தொட்டியை முழுசாக நிரப்பக்கூட வேண்டாம். இந்த அளவு விமானங்கள் நிறைய வந்தால்தான் நம் கரைக்காரர்களுக்கு விடிவு.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி:

அண்ணன், என் உம்மாவை லண்டனுக்கு ரெண்டு தடவை கூட்டிப் போனேன், தம்பி அங்கே இருக்கிறான். முதல் தடவை சென்னையிலிருந்து 777, நடுவில் மாறி ஏ380. அந்த ஏ380-ல் உம்மா காலை நீட்டித் தூங்கினார்கள், இருக்கை நல்ல அகலம். ஆனால் மாறிய ஊரில் சக்கர நாற்காலி வர முக்கால் மணி நேரம். முட்டிவலியோடு அவர்கள் சுவரில் சாய்ந்து நின்றதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ரெண்டாவது தடவை சென்னையிலிருந்து நேராக 787-9. இருக்கை குறுகல்தான், ஒரு வரிசைக்கு ஒன்பது பேர். ஆனால் 777-ல் இறங்கும்போது காதைப் பொத்திக்கொண்டு அழுதவர்கள் இதில் ஒன்றும் சொல்லவில்லை. மூக்கும் காயவில்லை. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பழைய விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குக் குறையும், அதாவது ஊட்டியைவிட மேலே. 787-ல் 6,000 அடிதான், குன்னூரில் உட்கார்ந்திருப்பதுபோல. வயசானவர்களுக்கு இந்த 2,000 அடி பெரிய விஷயம்.

ஜன்னலுக்கு இழுக்கும் மூடி கிடையாது. பொத்தானை அமுக்கினால் கண்ணாடியே நீலமாகி இருட்டும். உம்மா கண்ணாடி மேல் விரலை வைத்துக்கொண்டு, அது கறுத்து முடிகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் வெளுக்க வைத்து, திரும்பவும் கறுக்க வைத்து, அப்படியே ஒரு மணி நேரம் போனது.

ஃபைபர் படகு வேலைக்காரன், பாம்பன்:

அக்கா சொன்ன காற்றுக்குக் காரணம் உடம்புதான். 787-ன் எடையில் பாதி கார்பன் இழையும், அதை ஒட்டவைக்கும் ரெசின் பிசினும். நாங்கள் படகுக்குக் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் ஊற்றி, உருளையால் காற்றுக் குமிழை அமுக்கி வெளியேற்றுவோம். அங்கே இயந்திரம் இழை நாடாவைச் சுற்றிச் சுற்றிப் போட்டு, அழுத்த அடுப்பில் வைத்து வேகவைக்கிறது. அலுமினியம், உள்ளே காற்றை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துப்போகும், ஈரம் பட்டால் அரிக்கவும் செய்யும். இழைக்கு அந்த இரண்டு பயமும் குறைவு. அதனால்தான் அழுத்தத்தையும் ஈரப்பதத்தையும் கூட்டி வைக்க முடிகிறது.

ஒருமுறை 787-ல் இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தரையில் தட்டையாகக் கிடந்த இறக்கை, ஏறியதும் நுனி மேலே போய் வில்லாக வளைந்து நின்றது. பக்கத்தில் இருந்தவர் பயந்துவிட்டார். எனக்கு அது நல்ல சரக்கு என்று தெரிந்தது. மரப்பலகை அப்படி வளைந்தால் கீறிவிடும்.

அண்ணே, எக்ஸ்எல்ஆர் புதுசு என்றாலும் உடம்பு 1987-ல் முதலில் பறந்த ஏ320-ன் வழியில் வந்த அலுமினிய உடம்புதான். இறங்கும்போது காது எப்படி இருந்தது?

கப்பல்காரன், தங்கச்சிமடம்:

நல்லா கேட்டாய் தம்பி. காது அடைத்தது, தொண்டையும் வறண்டது. இதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. அப்படியென்றால் எனக்கு வேண்டியது எக்ஸ்எல்ஆர் அளவில், 787-ன் உடம்போடு ஒரு விமானம். அப்படி ஒன்றை இதுவரை யாரும் கட்டவில்லை. அடுத்த மாதம் கப்பல் ஏறுகிறேன், டிக்கெட்டில் ஏ350 என்று போட்டிருக்கிறது. அதுவும் பாதிக்கு மேல் இழை உடம்புதான். இறக்கைக்குப் பின்னால் இருக்கை கேட்டிருக்கிறேன், போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.