மரவள்ளியையும் தென்னங்கன்றுகளையும் முள்ளம்பன்றியிடமிருந்து காப்பது எப்படி?

கேள்வி (வெல்லாவெளி):
மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள எங்கள் மேட்டுநிலத் தோட்டத்துக்கு இரவில் வரும் முள்ளம்பன்றி, மரவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்பதோடு, இளந்தென்னங்கன்றுகளின் அடியைக் குடைந்து குருத்தையும் தின்றுவிடுகிறது. வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுமாறு அயலவர் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேறு வழி உண்டா?

பதில் (திருக்கோவில்):
தம்பி, மின்கம்பியை நினைத்தும் பார்க்காதீர்கள். அது சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, விடியுமுன் மாடு தேடிப் போகிறவரின் உயிரையும் அது பறித்துவிடும். முதலில் பகலில் வேலியோரமாக நடந்து பாருங்கள். முள்ளம்பன்றி பெரும்பாலும் பழகிய தடத்திலேயே வருவதால், வேலியின் அடியில் மண் தேய்ந்து வழுவழுப்பான ஒரு நுழைவும், அருகில் கறுப்பு வெள்ளை வளையமிட்ட முள் ஒன்றிரண்டும் கிடக்கக்கூடும். அது ஏறுவதில் கெட்டிக்கார விலங்கல்ல, தோண்டுவதில்தான் வல்லது. ஆகவே கம்பிவலையை உயர்த்துவதைவிட, அதன் அடியை ஒன்றரை அடி ஆழத்துக்குப் புதைத்து, விளிம்பை வெளிப்புறமாக மடித்துவிடுவதே பயன் தரும்.

பதில் (வவுணதீவு):
மேலே ஐயா சொன்னது சரி. முழுத் தோட்டத்துக்கும் வலை வாங்க வசதியில்லையென்றால், பழைய பீப்பாத் தகரத்தை வெட்டி ஒவ்வொரு கன்றையும் சுற்றி வளையமாக, மண்ணுக்குள்ளும் சற்று இறங்குமாறு நிறுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. காவலுக்கு நாயை விடலாமா?

பதில் (திருக்கோவில்):
வேண்டாம். முள்ளம்பன்றி முள்ளை எய்வதில்லை, பின்புறமாகப் பாய்ந்து குத்தும். நாயின் முகத்திலும் வாயிலும் முள் ஏறிச் சீழ்பிடிக்கும். சுருக்குக் கம்பியும் வைக்காதீர்கள், அதில் சிறுத்தையும் சிக்கும்.