எக்ஸிகியூட்ஸ்கிரிப்டும் டி'சோசாவும்

ஜாவாவில் எழுதிய பழைய செலினியம் (பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவி) டெஸ்ட் ஒன்று என் பொறுப்புக்கு வந்தது. வாடிக்கையாளர் படிவத்தை நிரப்பும் டெஸ்ட். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, டேட்டாவில் டி'சோசா என்ற பெயர் வந்ததும் சின்டாக்ஸ் எரர் காட்டி நின்றுவிட்டது. பக்கத்துக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்ட செலினியத்தில் எக்ஸிகியூட்ஸ்கிரிப்ட் என்ற மெதட் உண்டு; அதற்குக் கொடுக்கும் ஸ்கிரிப்டோடு பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து, கூட்டல் குறி போட்டு ஒட்டியிருந்தார்கள். பெயரிலேயே ஒரு ஒற்றை மேற்கோள் இருந்தால் ஸ்ட்ரிங் அங்கேயே முடிந்துவிடும். முகவரியில் வரி முறிந்தாலும் இதே கதிதான்.

சரியான வழி எளிது. எக்ஸிகியூட்ஸ்கிரிப்ட்டில் ஸ்கிரிப்டுக்குப் பின் கமா போட்டு மதிப்புகளைத் தனியாகக் கொடுங்கள். உள்ளே ஆர்கியுமென்ட்ஸ்[0], ஆர்கியுமென்ட்ஸ்[1] என்று எடுத்துக்கொள்ளலாம். எண், ஸ்ட்ரிங், பூலியன், லிஸ்ட், மேப் எல்லாம் போகும். எனக்கு மிகவும் பிடித்தது, வெப்எலிமென்டையும் (பக்கத்தில் நாம் கண்டுபிடித்த பட்டன், பெட்டி போன்ற உறுப்பு) அப்படியே கொடுக்கலாம் என்பது. நம் டெஸ்ட் கோடில் அது வெறும் ஒரு ஐடி; டிரைவர் (பிரவுசரை இயக்கும் இடை நிரல்) அதை வலைப்பக்கத்திலுள்ள டாம் நோடாக, அதாவது உண்மையான உறுப்பாக, மாற்றிக் கொடுக்கிறது. உறுப்பைத் தேடும் லொகேட்டரை ஜாவாஸ்கிரிப்டில் மறுபடி எழுதும் வேலை மிச்சம். இடையில் அந்த நோட் பக்கத்திலிருந்து நீங்கியிருந்தால் மட்டும் ஸ்டேல் எலிமென்ட் எரர் வரும்.

இதைவிட என்னை அலையவைத்தது வேறு. சற்று நேரம் கழித்து ஒரு வேலையை ஓட்டும் செட்டைம்அவுட்டுக்குள் ஒரு சாதாரண ஃபங்ஷன், அதற்குள் ஆர்கியுமென்ட்ஸ்[0].கிளிக்(). டெஸ்ட் அந்த வரியை அமைதியாகத் தாண்டிவிடும், கிளிக் மட்டும் நடக்காது. நாம் எழுதும் ஸ்கிரிப்டை டிரைவர் ஒரு ஃபங்ஷனின் உடலாக வைத்து ஓட்டுகிறது. உள்ளே இன்னொரு ஃபங்ஷன் எழுதினால் அதற்குச் சொந்தமாக ஒரு ஆர்கியுமென்ட்ஸ் வந்துவிடும், அது காலி. அதில் வரும் எரரோ பிரவுசர் கன்சோலில் மட்டுமே தெரியும். முதல் வரியிலேயே ஒரு வேரியபிளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது சொந்த ஆர்கியுமென்ட்ஸ் இல்லாத ஏரோ ஃபங்ஷன் (=> குறியோடு எழுதுவது) எழுதுங்கள்.

— பதில்

நன்றி, அந்த செட்டைம்அவுட் விஷயம் எங்கள் டீமிலும் நடந்தது. காத்திருக்க வேண்டிய வேலைக்கு எக்ஸிகியூட்அசிங்க்ஸ்கிரிப்ட் நல்லது. அதில் கடைசி ஆர்கியுமென்டாக, வேலை முடிந்ததும் நாம் அழைக்க வேண்டிய ஒரு கால்பேக் ஃபங்ஷன் தானாக வரும். அதை அழைக்காவிட்டால் ஸ்கிரிப்ட் டைம்அவுட் வரை டெஸ்ட் நிற்கும், இயல்பாக 30 வினாடி.

— பதில்

நாங்கள் செலினியம் போன்ற இன்னொரு கருவியான ப்ளேரைட்டுக்கு மாறியபோது வேறு சிக்கல். அங்கே பக்கத்துக்குள் ஸ்கிரிப்ட் ஓட்டும் பேஜ்.இவாலுவேட்டுக்குள் எழுதும் ஃபங்ஷன் பார்க்க நம் கோடின் பகுதி மாதிரியே இருக்கும், ஆனால் அது எழுத்தாக மாறித்தான் பிரவுசருக்குப் போகிறது. வெளியே இருக்கும் வேரியபிள் அங்கே கிடையாது, ரெஃபரன்ஸ் எரர்தான். ஃபங்ஷனுக்குப் பின் ஒரே ஒரு மதிப்புதான் கொடுக்க முடியும் என்பதால், பலவற்றை ஒரு ஆப்ஜெக்டில் போட்டு அனுப்புகிறோம். இதே வகைக் கருவியான பப்பெட்டியரில் எத்தனை வேண்டுமானாலும் வரிசையாகக் கொடுக்கலாம்.