விரால் ஃப்ராக் பின்னாடியே வந்துட்டு திரும்பிப் போயிருது, என்ன கலர் வாங்கறதுங்க? (அவசரம்)

பல்லடத்துக்காரன்:
வணக்கமுங்க. சீக்கிரம் பதில் சொன்னீங்கன்னா புண்ணியமா போகும். ஞாயித்துக்கெழம என்ற மச்சான் வர்றாப்ல, விரால் புடிச்சுக் காட்டறேன்னு சொல்லிப்போட்டேன். டாப்வாட்டர் ஃப்ராக் (தண்ணி மேல மெதக்கற ரப்பர் தவளை, உள்ள ஹூக் இருக்கும்) தான் போடறனுங்க. வீசி இழுத்தா பின்னாடியே தண்ணிய கிழிச்சுக்கிட்டு வருது, நல்லாத் தெரியுது, பக்கத்துல வந்ததும் அடிக்காம அப்படியே திரும்பிருது. பச்சை மஞ்சள் ரெண்டும் போட்டுப் பாத்தாச்சு அதே கதை தான். கடைல வெள்ளை எடுத்துக்கங்கறாங்க, வீடியோல அமெரிக்காக்காரங்க பாஸ் மீனுக்கு கருப்பு தான்ங்கறாங்க. ஒன்னு வாங்கத்தான் காசு இருக்குது, எந்தக் கலர்னு மட்டும் சொல்லுங்க போதும்.

நொய்யல்கரை:
ஏனுங்க, எந்தக் கலர்னு மட்டும் கேட்டா எப்படிங்க சொல்றது? எந்தக் குட்டை, தண்ணி தெளிவா கலங்கலா, வெடியால போறீங்களா உச்சி வெயில்லயா, ஆகாயத்தாமரை மூடிக் கெடக்குதா வெறும் தண்ணியா? இதைச் சொல்லுங்க மொதல்ல.

கொடிவேரி தூண்டி:
கலர் எதுவா வேணா இருக்கட்டும், ஃப்ராக்கோட வயித்துல தொண்டைக்குக் கீழ சிவப்பு மார்க்கர்ல ஒரு பட்டை போடுங்க. காயம்பட்ட தவளைன்னு நெனச்சு வந்து அடிக்கும். நான் எல்லா ஃப்ராக்குக்கும் போட்டுத் தான் எடுத்துட்டுப் போவேன், அது இல்லாம வீசறதே இல்ல.

மேட்டூர் சீனியர்:
மாசம் தவறாம இதே கேள்வி வருது. பழைய பதிவுகள தேடிப் படிக்கறதுக்கு யாருக்கும் பொறுமை இல்ல, எல்லாத்தையும் வாயில ஊட்டோணும். மறுக்கா சொல்றேன் கவனமா படிங்க. கடைல நீங்க பாத்து வாங்கறது ஃப்ராக்கோட முதுகு. புள்ளி, கண்ணு, பச்சை வரி எல்லாம் உங்களுக்குத் தான். மீன் கீழ இருந்து மேல பாக்குது, அதுக்குத் தெரியறது வயிறு மட்டும் தான். தண்ணிக்குள்ள இருந்து மேல பாத்தா சுமார் 97 டிகிரி விரிவுக்கு வட்டமா ஒரு சன்னல் தெறந்த மாதிரி வானம் தெரியும், அந்த வெளிச்சத்துக்கு எதிர்ல ஃப்ராக் வெறும் நெழல். வெடியால, பொழுதோட, மூட்டம், கலங்கல் தண்ணி, இதுக்கெல்லாம் கருப்பு, ஏன்னா உருவம் அழுத்தமா தெரியும். தண்ணி கண்ணாடியாட்டம் இருந்து வெயிலும் அடிச்சா வெள்ளை வயிறு. இதுக்கு மேல கலர்ல ஒன்னும் இல்ல. அந்த சிவப்புப் பட்டையெல்லாம் மனசுக்குத் தான். பாசி புடிச்ச பச்சைத் தண்ணில சிவப்பு கருப்பாத் தான் தெரியும்.

கொடிவேரி தூண்டி:
உங்களுக்கு ஒன்னு தெரியலைன்னா அது மனசுக்குங்களா? நான் புடிச்ச மீனெல்லாம் மனசுல புடிச்சதில்லைங்க சீனியர்.

சென்னிமலை ராடு:
பாஸ் வீடியோ பாத்துட்டு விராலுக்குக் கலர் எடுக்கற எல்லாருக்கும் ஒன்னு சொல்லிக்கறேன். பாஸ் அமெரிக்கா மீன், நம்மூர் குட்டைல கெடையாது. அதோட கண்ண வெச்சு 2018ல இல்லினாய் மாநிலத்துல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. குறிப்பிட்ட கலருக்குப் போனா தீனின்னு மீனப் பழக்கி, அப்பறம் வேற கலரயும் காட்டிப் பாத்திருக்கறாங்க. சிவப்பையும் பச்சையையும் நல்லா பிரிச்சுப் பாக்குது. ஆனா இந்த பளீர் மஞ்சள்பச்சை ஃப்ராக் இருக்குதே, அதையும் வெள்ளையையும் அதால பிரிக்க முடியல, அதே மாதிரி நீலமும் கருப்பும் அதுக்கு ஒன்னு தான். அதோட கண்ணுல சிவப்புக்கு ஒன்னு பச்சைக்கு ஒன்னுன்னு ரெண்டு வகை கலர் செல்லு தான் இருக்குது, நமக்கு மூனு. இதையே விராலுக்கும் அப்படியே எடுத்துக்க முடியாது, ஆனா மஞ்சள் வேலைக்கு ஆகலைன்னு வெள்ளை வாங்கறதுக்கு முன்னாடி யோசிங்கன்னு சொல்றேன்.

நொய்யல்கரை:
இது நல்ல விசயமுங்க. பல்லடத்துக்காரரே, நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலைங்க.

பல்லடத்துக்காரன்:
வேலைல இருந்தனுங்க. தண்ணி பச்சையா இருக்குது. ஓரத்துல ஆகாயத்தாமரை இருக்குது நடுவுல இல்ல. சாப்டுட்டு ரெண்டு மணி வாக்குல போவோம். கருப்பா வெள்ளையாங்க?

தாராபுரத்துக்காரி:
கலர் வேணாமுங்க தம்பி, குஞ்சுக் கூட்டம் இருக்குதானு பாருங்க. மழை பேஞ்சு முடிஞ்ச கையோட குட்டை ஓரமா தண்ணி மேல செகப்பா கொதிக்கறாப்ல தெரியும், அத்தனையும் விரால் குஞ்சு, மூச்சு விட ஒன்னா மேல வரும். அதுக்கு நடுவுல ஃப்ராக்க போட்டா எந்தக் கலரா இருந்தாலும் காவலுக்கு இருக்கற பெரிய விரால் அடிச்சே தீரும். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் புடிப்பாங்க.

மேட்டூர் சீனியர்:
இதைச் சொல்லிக் குடுக்காதீங்கம்மா, கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன். அது பசிக்கு அடிக்கல, குஞ்சக் காப்பாத்த அடிக்குது. அதைத் தூக்கிட்டீங்கன்னா கொஞ்ச நேரத்துல ஜிலேபி மீனும் கொரவை மீனும் அத்தனை குஞ்சையும் முழுங்கிப்போடும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையே போகுது.

தாராபுரத்துக்காரி:
நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா ஏலம் எடுத்தவங்க வலைய போட்டு சின்னது பெருசு பாக்காம அள்ளிட்டுப் போறாங்க, அவங்கள யாரும் கேக்கறதில்ல. தூண்டி போடற நாங்க ஒன்னு புடிச்சா மட்டும் பாவமா?

கீழ்பவானி வாய்க்கா:
அவங்க பண்றாங்கன்னு நம்மளும் பண்ணலாமாங்க. என்ற அப்பாரு குஞ்சோட இருக்கற விரால கண்டா தூண்டிய சுருட்டிட்டு வேற கரைக்குப் போயிருவாரு. இன்னைக்கும் அந்தக் கொளத்துல விரால் இருக்குதுன்னா அப்படி விட்டதால தான்.

கொடிவேரி தூண்டி:
புடிச்சு உடனே விட்டா என்னங்க தப்பு? நாங்க விட்டுடறமே.

மேட்டூர் சீனியர்:
நீங்க ஹூக்க கழட்டி ஃபோட்டோ எடுத்து விடற நேரம் போதும், கூட்டத்த மத்த மீனுங்க பூந்து அழிச்சிருக்கும். குஞ்சு செகப்பு மாறி தனித்தனியா பிரியற வரைக்கும் அந்த எடத்த விட்ரோணும். இதுல வேற பேச்சே இல்ல.

நொய்யல்கரை:
தனிப் பதிவு போட்டு இதைப் பேசலாமுங்க, அவசியம் பேச வேண்டியது தான். இப்ப அவருக்கு ஞாயித்துக்கெழம வருது.

பல்லடத்துக்காரரே, ஒன்னு கவனிங்க. பின்னாடியே வருதுன்னு சொன்னீங்க இல்ல, அப்பறம் எப்படி அது கலர் பிரச்சனையாகும்? அதுக்கு ஃப்ராக் தெரிஞ்சிருச்சு, தேடி வந்திருச்சு, கிட்ட வந்து பாத்ததுல என்னமோ ஒன்னு ஒத்துக்கல. வேகமா இழுக்கறீங்களா? ஆகாயத்தாமரை ஓரத்துல இருந்து வெறும் தண்ணிக்கு வந்ததும் ஒரு மூனு நாலு நொடி அசைக்காம நிறுத்துங்க, பெரும்பாலும் அந்த நிறுத்தத்துல தான் அடிக்கும். அப்பறம் அடிச்ச உடனே இழுக்காதீங்க, ஒரு நொடி விட்டு நூல் இறுகினதும் ஓங்கி இழுங்க. விரால் வாய் எலும்பு, சாதாரணமா இழுத்தா ஹூக் ஏறாது. என்ன நூலு, என்ன கட்டியிருக்கறீங்க? ஃப்ராக்குக்குள்ள தண்ணி ஏறியிருக்குதான்னு வயித்த அமுக்கிப் பாத்தீங்களா? ஹூக் பூந்து வர்ற ஓட்டை வழியா தண்ணி போகும், பின்னாடி கனத்துப் போனா நடை மாறிரும்.

பல்லடத்துக்காரன்:
நிறுத்திப் பாத்தனுங்க, நிறுத்துனா மூக்கு தண்ணிக்குள்ள போயிருது அதனால தான் நிறுத்தாம இழுக்கறேன். பிரெய்டு (பின்னுன நூலு) 40 பவுண்டு, அதுக்கு முன்னாடி ஸ்டீல் வயர் ஒரு சாண், பெரிய ஸ்னாப் (ஃப்ராக்க மாட்டற கொக்கி). ஃப்ராக் வாங்கறப்ப கூடவே குடுத்தாங்க.

நொய்யல்கரை:
அட, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க! அந்த வயர கழட்டுங்க. அந்தக் கனத்துல தான் மூக்கு முங்குது, முங்குன ஃப்ராக் தவளையாட்டம் நடக்காது, மீன் கிட்ட வந்து பாத்துட்டு திரும்பறதுக்கு அதுவே போதும். விராலுக்கு பல்லு இருந்தாலும் 40 பவுண்டு பிரெய்ட சட்டுனு அறுக்காது. ஃப்ராக்கோட மூக்கு வளையத்துலயே நூல நேரா முடிச்சு போடுங்க.

சென்னிமலை ராடு:
வழிமொழியறேன். ரப்பர் காலு ரெண்டும் ஒரே நீளமா இருந்தா ஒன்ன கொஞ்சம் கத்தரிச்சு விடுங்க, நடை வளைஞ்சு வரும். ரெண்டு மணி வெயில்ல போகாதீங்க, அந்நேரம் ஆகாயத்தாமரைக்கு அடில நெழல்ல கெடக்கும், வெளிய வராது. நாலரைக்கு மேல போங்க. கண்டிப்பா ஒன்னு வாங்கியே தீருவேன்னா கருப்பு வாங்குங்க.

கீழ்பவானி வாய்க்கா:
குட்டை ஏலத்துல இருந்தா எடுத்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. ஒரத்துப்பாளையம் அணைப் பக்கமா இருந்தா புடிச்சத சாப்பிட வேணாம், வருசக்கணக்கா சாயத்தண்ணி தேங்குன எடம். மச்சான கூட்டிட்டு அமராவதி அணைக்கும் போயிராதீங்க, அங்க முதலை இருக்குது, கரைல எறங்கி நிக்கற எடமில்ல அது.

கொடிவேரி தூண்டி:
கருப்பு வாங்குனாலும் கீழ சிவப்புப் பட்டை போட மறந்துராதீங்க.

பல்லடத்துக்காரன்:
வயர கழட்டிட்டு நேரா கட்டுனனுங்க. கருப்பு. சாயங்காலம் போனோம். மச்சான் ஒன்னு புடிச்சாப்ல, நல்ல சைஸ். எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க.

சென்னிமலை ராடு:
சந்தோசமுங்க! ஆனா வயரு, கலரு, நேரம் மூனையும் ஒரே நாள்ல மாத்திப்போட்டீங்களே, எதுக்கு அடிச்சுதுன்னு எப்படித் தெரியறது? அடுத்த வாரம் அதே நேரத்துக்கு அதே எடத்துல பழைய பச்சைய வயரு இல்லாம போட்டுப் பாத்துட்டு சொல்லுங்க. அப்படியே நிறுத்துனப்ப அடிச்சுதா இழுத்தப்ப அடிச்சுதான்னும் சொல்லிருங்க.

நொய்யல்கரை:
நானும் அதைத் தான் கேக்க வந்தேன். பல்லடத்துக்காரரே, இருக்கறீங்களா?

கொடிவேரி தூண்டி:
பட்டை போட்டீங்களா இல்லைங்களா, அதைச் சொல்லுங்க மொதல்ல.