கோரிடோரஸ் மீனுக்கு தீனி போய் சேரவே மாட்டேங்குது
வணக்கம், மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருக்கேன். மூணடி மீன் தொட்டி, சுமார் 150 லிட்டர், வச்சு அஞ்சு மாசம், 12 நியான் டெட்ரா, 8 பிளாட்டி, அடியில மேயுற 6 கோரிடோரஸ். மேல போடுற ஃப்ளேக்ஸ் (செதில் தீனி) எல்லாத்தயும் பிளாட்டிங்க முழுங்கிருது, கோரிடோரஸ் வயிறு ஒட்டிப்போய் கெடக்கு, பாக்கவே மனசு கேக்கல. அடியில முங்குற தீனி மாத்திரை போட்டா அதையும் பிளாட்டிதான் கொத்துது, கூட போட்டா மறுநாள் தண்ணி கலங்கி டெஸ்ட்ல அமோனியா (மீனுக்கு விஷம்) 0.5 காட்டுது. ரெண்டு வாரமா ஃப்ளேக்ஸ குறைச்சேன், ஃபில்டர நிறுத்திட்டு போட்டேன், வாரம் ஒருநாள் பட்டினி, 30 சதவீதம் தண்ணி மாத்துறேன், ஒண்ணும் சரிவரல. செம்பனை ஆலையில வேல, அதனால காலையில 6 மணி, ராத்திரி 9 மணி, இந்த ரெண்டு நேரந்தான் போட முடியும். எந்த வேளைக்கு எந்த தீனி எவ்வளவு போட்டா தண்ணி கெடாம கோரிடோரஸ் வயிறும் நெறையும்?