ஆச்சி வீட்டுச் சொந்தங்கள் (குழு)

இரவு 8:40

சரஸ்வதி: யாராவது முழிச்சிருக்கீகளா

சரஸ்வதி: இவுகளுக்கு ஸ்டேஷன்ல இருந்து போன். நாளைக்கு காலைல 10 மணிக்கு வரணுமாம்

உமா: யாரு வாரா? எந்த ரயில்?

சரஸ்வதி: போலீஸ் ஸ்டேஷன் மைனி

கார்த்தி: எதுக்கு அத்தை

சரஸ்வதி: எல்லாம் அந்தப் பேஸ்புக்குதான்

வித்யா: அம்மா மூணு தடவை கூப்பிட்டேன், எடு. அப்பா எங்க?

சரஸ்வதி: மொட்டைமாடில. ஒண்ணும் சொல்ல மாட்டேங்காக

பாண்டி: என்ன எழுதினீக சித்தப்பா

மாரியப்பன்: உண்மையைத்தான்

பாண்டி: சரி, என்ன உண்மை

கார்த்தி: ஸ்கிரீன்ஷாட் இருக்கு. “தோண்டிய ரோட்டை மூடவில்லை. பில்லை மட்டும் முடித்துவிட்டார்கள். வார்டு உறுப்பினர் அவர்களுக்குக் கண் தெரியவில்லையா, அல்லது கை நிறைந்துவிட்டதா?”

உமா: நல்லாத்தான எழுதிருக்கான். பள்ளிக்கூடத்துலயே கட்டுரைக்கு பிரைஸ் வாங்கினவன்

பாண்டி: அத்தை, பிரைஸ் இப்ப ஸ்டேஷன்ல குடுப்பாக

பாண்டி: கடைசி ரெண்டு வார்த்தைதான் சிக்கல். கை நிறைஞ்சுட்டான்னு கேட்டா என்ன அர்த்தம்?

மாரியப்பன்: கேள்விதான கேட்டேன். பதில் சொல்லட்டும்

தனபாலன்: எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். நான் டைப் செய்துகொண்டிருக்கிறேன்.

கார்த்தி: அப்பா ஆரம்பிச்சாச்சு

தனபாலன்: முதலில், போன் செய்து “வா” என்று சொல்வது சம்மன் ஆகாது. சாட்சியாகக் கூப்பிட்டால் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.இல் பிரிவு 179, அதாவது பழைய சி.ஆர்.பி.சி. 160. எழுத்து மூலம் உத்தரவு வேண்டும். சந்தேக நபர் என்றால் 35(3) நோட்டீஸ், அது பழைய 41ஏ. அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கையில் பேப்பர் வராமல் மாரியப்பன் போக வேண்டிய கட்டாயம் இல்லை. யார் பேசியது, எஸ்.ஐ.யா ஏட்டா, எந்த நம்பர், எத்தனை மணி என்று நோட்டில் எழுதி வை.

சரஸ்வதி: போகலைன்னா வீட்டுக்கு வந்துருவாகளே அண்ணாச்சி. எதுத்த வீட்ல பாப்பாக

வித்யா: வந்தா வரட்டும்மா

சரஸ்வதி: நீ அங்க இருந்துக்கிட்டு சொல்லுவ

பாண்டி: லைக் போட்ட ஆளுக லிஸ்டும் எடுத்திருக்காகன்னு பஜார்ல பேச்சு

கார்த்தி: நான் லைக்கை எடுத்துட்டேன். சாரி மாமா. என் பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன் அதே ஸ்டேஷன்லதான் பெண்டிங்

வித்யா: நல்லா இருக்கு

உமா: நான் கும்பிடுற கை போட்டிருந்தேனே. அதை எப்படி எடுக்க?

கார்த்தி: அம்மா உன் போனைக் கொண்டா

தனபாலன்: லைக் போடுவது எந்தச் சட்டத்தில் குற்றம்? யாரும் எதையும் எடுக்க வேண்டாம். ஆன்லைனில் புண்படுத்தும்படி எழுதினால் குற்றம் என்று ஐ.டி. சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. 2012இல் புதுச்சேரியில் ஒரு ட்வீட்டுக்காக ஒரு வியாபாரியைப் பிடித்தார்கள். அதே வருஷம் மகாராஷ்டிராவில் பால்கரில் ஒரு பெண் பேஸ்புக்கில் எழுதினாள், இன்னொரு பெண் லைக் போட்டாள், இரண்டு பேரையும் பிடித்தார்கள்.

உமா: பாத்தியா, லைக்குக்கும் பிடிச்சிருக்காக!

தனபாலன்: முழுவதும் படி. அந்தச் சட்டத்தையே 24.3.2015 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. ரத்தான பிறகும் அதே பிரிவில் கேஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். 2022இல் மறுபடியும் கோர்ட் கண்டிக்க வேண்டியிருந்தது.

பாண்டி: அதான் மாமா சொல்லுதேன். கோர்ட் சொல்லுறது ஸ்டேஷனுக்கு வந்துசேர ஏழு வருசம். சித்தப்பா போறது நாளைக்கு

மாரியப்பன்: 👆 இது சரி

கார்த்தி: கார்ட்டூனிஸ்ட் பாலாவ ஒரு கார்ட்டூனுக்காக 2017ல பிடிச்சாங்களே. அது கலெக்டர் புகார்தானே?

தனபாலன்: ஆமாம், நெல்லை கலெக்டர். மறுநாளே ஜாமீன் கிடைத்தது.

சரஸ்வதி: ஒரு ராத்திரி உள்ள இருந்தாருல்ல. இவுக சுகர் மாத்திரை போடுற ஆளு

தனபாலன்: மாரியப்பன் மீது என்ன கேஸ் போட முடியும்? அவதூறு. ஐ.பி.சி.க்குப் பதில் வந்த பி.என்.எஸ். சட்டத்தில் பிரிவு 356. அது நான்-காக்னிசபிள். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே கூடாது. கவுன்சிலருக்கு மானம் போயிருந்தால் அவர் நேராகக் கோர்ட்டுக்குப் போகட்டும். வேறு பெரிய பிரிவு போடுவோம் என்று மிரட்டினால் சுப்ரீம் கோர்ட்டின் இம்ரான் பிரதாப்கடி வழக்குத் தீர்ப்பு இருக்கிறது, 28.3.2025. பேச்சு, எழுத்து சம்பந்தமான புகாரில் 3 முதல் 7 வருஷத்துக்குள் தண்டனை என்றால், எஃப்.ஐ.ஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்துவதே முறை என்று சொல்லியிருக்கிறார்கள்.

கார்த்தி: அப்ப நாளைக்கு நடக்கப்போறது அந்த விசாரணைதானா

தனபாலன்: அதற்கும் டி.எஸ்.பி. அனுமதி வேண்டும். முதலில் சி.எஸ்.ஆர். நம்பர், அதாவது புகார் மனு வாங்கியதற்கான ரசீது எண், கேள். மனுவே இல்லாமல் கூப்பிட்டிருப்பார்கள்.

தனபாலன்: முக்கியமான விஷயம் விட்டுப்போச்சு. 60 வயசு தாண்டினவரை 179இல் கூப்பிட்டால் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். 35(7)இலும், 3 வருஷத்துக்குக் குறைவான தண்டனை என்றால் டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது கூடாது. மாரியப்பனுக்கு 60 முடிந்துவிட்டதே!

உமா: முடிஞ்சு ஒரு வருசம் ஆகுதே. எனக்கு மூணு வயசு சின்னவன்

மாரியப்பன்: ஆதார்ல 58

தனபாலன்: ???

உமா: ஆமா, அய்யா பள்ளிக்கூடத்துல சேக்கும்போது குறைச்சுப் போட்டுட்டாக. பெரியண்ணனுக்குக் கூட்டிப் போட்டாக. அதனாலதான் அவன் சீக்கிரம் ரிடையர் ஆனான்

பாண்டி: எங்கப்பாவுக்கு எல்லாத்துலயும் நட்டம்தான் அத்தை

உமா: ஆரம்பிக்காத

பாண்டி: நான் ஆரம்பிக்கல. சுவர் கேஸ்ல அப்பா தனியா ஸ்டேஷனுக்கு அலைஞ்சாக. அப்ப இந்தக் குரூப்ல ஒருத்தரும் செக்‌ஷன் சொல்லல

மாரியப்பன்: அது சிவில் மேட்டர்

பாண்டி: போலீஸ்காரன் அப்படிச் சொல்லல சித்தப்பா

தனபாலன்: அப்போது குரூப்பே கிடையாது.

வித்யா: அண்ணா ப்ளீஸ். இன்னைக்கு வேண்டாம்

பாண்டி: சரி விடு. கவுன்சிலர் நம்ம ஆளுதான். சாயங்காலமே பேசிட்டேன்

மாரியப்பன்: எப்ப பேசின? எனக்குப் போன் வந்ததே ஏழு மணிக்கு

பாண்டி: முன்னாலயே காதுல விழுந்துச்சு. அதை விடுங்க. போஸ்டைத் தூக்கிட்டு, இனிமே இப்படி எழுத மாட்டேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாப் போதுமாம். டீ குடுத்து அனுப்பிருவாக

தனபாலன்: எதிலும் கையெழுத்துப் போடாதே மாரியப்பா. அந்தத் தாளை வைத்துத்தான் அடுத்த தடவை கூப்பிடுவார்கள்.

வித்யா: போஸ்டை எடுக்காதீங்கப்பா. லிங்க்கும் ஸ்கிரீன்ஷாட்டும் நான் வச்சிருக்கேன். தெரு போட்டோவும் தேதியோட எடுங்க. போனை வாங்கி வச்சுக்கிறேன்னு சொன்னா எழுத்துல கேளுங்க

சரஸ்வதி: தெரு போட்டோ எதுக்கு. இன்னைக்கு மத்தியானமே ஜேசிபி வந்து மூடிட்டானே

கார்த்தி: என்னது

உமா: அப்ப வேலை நடந்துருச்சா! தம்பி எழுதினதுல!

பாண்டி: அதனாலதான் எடுத்துருங்கன்னு சொல்லுதேன். வேலை முடிஞ்சுருச்சு, இனி எதுக்கு வம்பு

மாரியப்பன்: பில்லு கணக்கு முடியல

சரஸ்வதி: ஒங்க கால்ல விழுதேன்

வித்யா: 15100 இலவச சட்ட உதவி நம்பர். அம்மா, ஒரு வக்கீல் கூட வந்தா நல்லது. மாமா, உங்க கோர்ட் பழக்கத்துல யாராவது?

தனபாலன்: ஒருவர் இருக்கிறார். காலை 7 மணிக்குமேல்தான் போன் எடுப்பார். நானும் வருகிறேன். மனு ஒன்று எழுதிக்கொண்டு வருகிறேன், நான்கு பக்கத்துக்குள் முடித்துவிடுவேன்.

கார்த்தி: அப்பா, நீங்க போனா என் வெரிஃபிகேஷன்

தனபாலன்: உன் பாஸ்போர்ட்டுக்கு வேறு தேதி வாங்கிக்கலாம்.

உமா: அவரு தனியாப் போக வேண்டாம். முட்டி வலி. கார்த்தி வண்டில கூட்டிட்டுப் போ

கார்த்தி: வாசல்ல இறக்கி விடுறேன். உள்ள வரல

பாண்டி: வக்கீலோட போனா அவன் இன்னும் முறைப்பான். நான் சொல்லுறதைக் கேளுங்க

மாரியப்பன்: 10 மணிக்கு நான் எங்கயும் போறதா இல்ல. பேப்பர் வந்தாப் போவேன்

தனபாலன்: சபாஷ்.

சரஸ்வதி: சபாஷா? அண்ணாச்சி நீங்க வந்து இங்க படுத்துக்கோங்க ராத்திரிக்கு

பாண்டி: சித்தப்பா, கவுன்சிலர் இப்ப என் லைன்ல இருக்காரு. கான்பரன்ஸ் போடுதேன். எடுங்க

மாரியப்பன்: எடுக்க மாட்டேன்

பாண்டி: ஒரு நிமிசம்தான்

மாரியப்பன்: முடியாது

சரஸ்வதி: நான் எடுத்துட்டேன்

தனபாலன்: எதற்கும் சம்மதம் சொல்லாதே சரஸ்வதி. அவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுதி வை. எத்தனை மணி?

வித்யா: 9:52