மறு: சார்கோபாகிடே குடும்பத்துக்குத் தமிழ்ப் பெயர்

அன்புடையீர், வணக்கம்.

சார்கோபாகிடே என்னும் ஈக் குடும்பத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் உரையாடலில் ‘சதை ஈ’, ‘ஊனுண்ணி ஈ’, மலையாளத்தின் ‘மணியனீச்ச’ ஆகிய பெயர்கள் முன்வைக்கப்பட்டன. அவற்றுள் ‘சதை ஈ’ எங்கள் பாலக்காட்டுப் பகுதியில் எடுபடாது. முதலமடை, கொல்லங்கோட்டு மாந்தோப்புக்காரர்களுக்குச் சதை என்றதும் நினைவுக்கு வருவது மாம்பழத்தின் சதையே. அதைத் துளைத்து முட்டையிடும் பழ ஈயோடு மல்லுக்கட்டுகிற அவர்கள், இப்பெயரைக் கேட்டால் வேறொரு குடும்பத்தையே எண்ணுவார்கள். ‘ஊனுண்ணி ஈ’, சார்கோபாகிடே என்ற பெயரின் ‘ஊன் தின்பது’ என்னும் கிரேக்க மூலத்துக்கு நெருக்கமானதுதான். ஆனால் ஊனுண்ணி என்பது புலி முதலான விலங்குகளுக்கு ஏற்கெனவே வழங்குகிறது. மேலும், இக்குடும்பத்தில் சாணத்தில் வளர்வனவும், நத்தையையும் வெட்டுக்கிளியையும் உள்ளிருந்து தின்பனவும், மணல் குளவிகள் தம் குஞ்சுகளுக்காகச் சேர்த்து வைக்கும் இரையைத் தின்று வளர்வனவும் உள்ளன. உணவை அவ்வளவு அழுத்திச் சொல்லும் பெயர் இவற்றுக்குப் பொருந்தாது.

ஆகவே ‘ஊனீ’ என்பதை முன்மொழிகிறேன். ஊன் என்பது இதிலும் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான், ஆனால் சுருங்கிய பெயர் வரையறையாக நில்லாமல் வெறும் அடையாளமாக நின்றுவிடும். இங்குள்ள உணவகங்களில் தொங்கும் ‘ஊண் ரெடி’ (சாப்பாடு தயார்) பலகையைப் பார்த்துப் பழகியவர்கள் ஊனை ஊணாக வாசிக்கக் கூடும். றன்னகரத்தைத் திருத்தமாக அச்சிட்டால் போதும். மலையாளத்தின் ‘மணியனீச்ச’யை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை ஏற்க இயலவில்லை, அது பளபளக்கும் நீல, பச்சை ஈக்களைக் குறிக்கும் பெயர்.

தோட்டத்தில் எடுத்த படத்தில் ஊனீயை அடையாளம் காண முதுகைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிற மார்பின் மேல் நீளவாக்கில் மூன்று கருங்கோடுகள் இருக்கும். வீட்டு ஈக்கு நான்கு. வயிற்றின் மேற்புறம் சதுரங்கப் பலகை போலிருக்கும். ஒளி விழும் கோணம் மாறினால் கறுத்த கட்டம் வெளுத்தும் வெளுத்த கட்டம் கறுத்தும் தெரியும் என்பதால், ஒரே ஈயை இரு பக்கங்களிலிருந்தும் படமெடுப்பது நல்லது. உலோகப் பளபளப்பு இருந்தால் அது ஊனீ அன்று. குழப்புவது டாக்கினிடே என்னும் மற்றோர் ஈக் குடும்பம்: அவற்றுக்கும் முரட்டு மயிர்கள் உண்டு, சாம்பல் நிறமும் உண்டு, ஆனால் மார்பின் பின்முனையிலுள்ள கேடயத் தகட்டுக்கு அடியில் அவற்றுக்கு இன்னொரு புடைப்பு தெளிவாகத் தெரியும். பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் இல்லாமல் இதைத் தீர்மானிக்க முடியாது.

இதற்கு மேல் படம் உதவாது. சிற்றினத்தைப் பிரித்தறியப் பெரும்பாலும் ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டியுள்ளது. எனவே, சிற்றினங்களுக்குத் தனித்தனியே தமிழ்ப் பெயர் சூட்டும் வேலையை இப்போது தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. படக்குறிப்பில் ‘ஊனீக் குடும்பம், சிற்றினம் தெரியவில்லை’ என்று எழுதலாம். கேடயத் தகட்டின் அடிப்புடைப்புக்குத் ‘துணைக்கேடயம்’ பொருந்துமா என்பதையும் அன்பர்கள் சொல்ல வேண்டுகிறேன்.